பொம்மைப் பணத்தில் பழகிய மாப்பிள்ளை

வெற்றிவேல் என்கிற பெயரை அஞ்சலாட்சி முதன்முதலில் கேட்டது, பால் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில். கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்த வருஷத்துத் தை மாதம் அது. முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்கு வேண்டிய பால் முழுக்க அவள் வீட்டு வாசலில்தான் வந்து இறங்கும். எழுத்தைக் கூட்டிப் படிக்க அவள் திணறுவாள். எண்ணில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. நூற்றெண்பதாவது பாக்கெட்டில் கை இருக்கும்போது கொளஞ்சி வந்து நின்றாள். கொளஞ்சி அவளுக்குப் பெரியம்மா மகள், மூன்று வயசு மூத்தவள்.

“பாக்கியத்துக்கு ஒரு பையன் இருக்கான்டி. வெற்றிவேல்னு பேரு.”

“நூத்தி எம்பத்தி ஒண்ணு... இரு யக்கா, எண்ணிட்டு வரேன்.”

“பொண்ணு கல்யாணத்த வுட பாலு பெருசா போச்சா ஒனக்கு?”

“பாலு போனாத்தான் யக்கா கல்யாணத்துக்குக் காசு வரும்.”

கொளஞ்சியின் நாத்தனாரைப் பாகூர் பக்கம் கொடுத்திருந்தது. அந்த நாத்தனாருக்குக் கடைசிக் கொழுந்தன் இந்தப் பையன். அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள். அண்ணன் கையில் ஒன்றரைக் காணி நிலம். பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, சேதராப்பட்டில் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் மெஷின் பார்க்கிறான்.

“குடிப்பானா?”

“வெத்தல கூடப் போடமாட்டான்.”

“அப்பறம் இன்னாதான் செய்வான்?”

“சும்மா இருக்கும்போது போனு பாப்பான்.”

“அது எவன்தான் பாக்கல?” என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பாக்கியலட்சுமி பாகூருக்கு வாழப் போனாள். பாகூர் முத்தியால்பேட்டைக்குத் தெற்கே, சேதராப்பட்டு வடக்கே. மாப்பிள்ளை இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி நாள் போய்விடும். பாக்கியத்துக்கும் நேரு வீதியில் துணிக்கடை வேலை இருந்தது. அதனால் இரண்டு மாசம் மட்டும் இருந்துகொள்ளட்டும் என்று முத்தியால்பேட்டைக்கே வரச் சொன்னார்கள். மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை சும்மாதான் கிடந்தது. இரண்டு மாசம் மூன்று வருஷம் ஆயிற்று.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பது எப்படிப்பட்டது என்று வெற்றிவேலைப் பார்த்துத்தான் அஞ்சலாட்சி தெரிந்துகொண்டாள். மாசம் பிறந்தால் ஆறாயிரம் ரூபாயைப் பாக்கியத்திடம் கொடுத்து அவளிடம் சேர்க்கச் சொல்லுவான். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான். கால் நீட்டி உட்கார மாட்டான். டி.வி.யில் எது ஓடுகிறதோ அதையே பார்ப்பான். அஞ்சலாட்சியும் மருமகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லாதவள். அவன் எதிரிலேயே நிற்கும்போதும், “பாக்கியம், மாப்ளைக்கு இன்னும் ரெண்டு இட்டிலி வேணுமா கேளு” என்றுதான் சொல்லுவாள். பாக்கியம் திரும்பி, “வேணுமா?” என்பாள். “போதும்” என்பான். “போதுமாம்மா” என்பாள். முழத்தூரத்துக்குள் இத்தனை தபால் போகும்.

அவள் புருஷன் கலியபெருமாள் மில்லில் தறி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு கண்ணில் புரை. கிண்டல் வந்தால் அவர் யாரையும் ‘முசியே’ என்று கூப்பிடுவார். பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதைச் சொல் அது. அவர் வாயில் கேலிக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. தெருவில் யாராவது வந்தால், “இவரு யாரு தெரியுதா? எங்க வூட்டோட முசியே” என்பார். அவர் மனசில் கெடுதல் கிடையாது. ஆனாலும் வெற்றிவேலின் காது நுனி சிவப்பதை அஞ்சலாட்சி பார்ப்பாள்.

ஒரு காது குத்துக் கல்யாணத்தில் அது முற்றிப்போயிற்று. கொளஞ்சி பேத்திக்குக் காது குத்து. பந்தியில் வெற்றிவேலுக்குப் பக்கத்தில் அவன் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வடை வைக்கிறவன் பின்னாலேயே கொளஞ்சி வந்து, “தம்பிக்கு இன்னும் ரெண்டு வையி. வருசம் பூரா மாமியா சோறு தின்னு பழகினவரு, கூச்சப்பட மாட்டாரு” என்றாள். பந்தி சிரித்தது. அண்ணன்காரன் சிரிக்கவில்லை. வெற்றிவேல் பாயசம் வருமுன்னே இலையை மூடினான்.

அன்றைக்குத்தான் பாக்கியத்திடம், “தனியா ஒரு வூடு பாக்கணும்” என்று சொன்னான். அந்த ஒரு ஆசைதான். வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டு அஞ்சலாட்சி பார்த்ததில்லை.

மாச வாடகைக்குப் போகலாம். ஆனால் வாடகையும் கொடுத்து, புதிதாக வாங்கிய வண்டிக்குத் தவணையும் கட்டி, அம்மாவுக்கும் அனுப்பிவிட்டுச் சாப்பிட ஏதும் மிஞ்சாது. போக்கியத்துக்குப் பிடித்தால்தான் உண்டு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி பண்ணும்போது தொகை திரும்ப வந்துவிடும். ஆனால் அந்த மொத்தத்துக்கு எங்கே போவது?

பக்கத்து மெஷினில் வேலை செய்கிற ராஜா என்பவன் ஷேர் வாங்கி விற்கிறவன். அவன்தான் வழி சொன்னான்.

“எடுத்ததும் நெசக் காசப் போட்டுடாதடா. ஆப் ஒண்ணு இருக்குது. பொம்மைக் காசு பத்து லட்சம் அவனே குடுப்பான். ஷேர் வெல எல்லாம் நெசம், காசு மட்டும் பொய்யி. அதுல ஒரு வருசம் பழகு. கையி படிஞ்சப்பறம் எறங்கு.”

நல்ல புத்திதான். வெற்றிவேலும் அதை அட்சரம் பிசகாமல் கேட்டான்.

கம்பெனியில் ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். ராத்திரி வாரத்தில் காலையில் வந்து குளித்துவிட்டு, தூங்காமல் போனோடு உட்காருவான். ஒருநாள் மாடியிலிருந்து, “பாக்கியம்! பன்னெண்டு லட்சம்!” என்று சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பெனியில் கை வைத்துவிட்டானோ என்று முருங்கைக் கீரையைப் போட்டது போட்டபடி மேலே ஓடினாள்.

“திருடிட்டு வந்தாரா?” என்று மகளிடம் மெல்லக் கேட்டாள்.

வெற்றிவேலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இது பொம்மைக் காசுத்த. வெளையாட்டு” என்று அவளிடம் நேராகவே சொன்னான்.

கீழே கலியபெருமாள், “அந்தப் பன்னெண்டு லட்சத்துல முசிய ஒரு டீ வாங்கித் தரச் சொல்லு பாப்போம்” என்றார்.

பகல் வாரத்தில்தான் சங்கடம். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஷேர் சந்தை ஒன்பதேகாலுக்குத் திறந்து மூன்றரைக்கு மூடுகிறது. அந்த நேரம் முழுக்க அவன் மூடி மெஷினுக்குள் இருப்பான். பாக்கியம் துணிக்கடையில் இருப்பாள். மாமனார் கண்ணுக்குப் போன் எழுத்து தெரியாது. மிச்சம் இருப்பது எண் தெரிந்த அஞ்சலாட்சிதான். பால் வேலை ஏழு மணிக்கு முடிந்துவிடும். போனை அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு துண்டுத்தாளில் இரண்டு எண் எழுதி வைப்பான். மேல் எண்ணுக்கு வந்தால் விற்றுவிட வேண்டும். கீழ் எண்ணுக்குக் கீழே போனாலும் விற்றுவிட வேண்டும். இரண்டுக்கும் அதே சிவப்புப் பொத்தான்தான்.

முதல் நாள் தாளையும் போனையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அழுத்தினாள். பத்தாவது நாள் ஒரு கையில் வெங்காயம் உரித்துக்கொண்டே மறுகையால் விற்றாள். தானாகவே விற்கும்படி போனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும் ஆப்பில் வழி இருந்தது. பழகுகிற காலத்தில் இரண்டு தடவை அது அவசரப்பட்டு விற்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் விலை மறுபடி ஏறிவிட்டது. “மெஷினு கண்ண மூடிக்கினு விக்கிது. அத்த பாத்து விக்கிறாங்க. மெஷின வுட அத்த மேலு” என்று அவன் பாக்கியத்திடம் சொன்னது கீழே கேட்டது. அன்றைக்கு அஞ்சலாட்சி மாப்பிள்ளைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்தாள்.

ஒரு வருஷத்தில் பத்து லட்சம் பதினேழு லட்சமாயிற்று. அதில் மூன்று லட்சத்துக்கு மேல் அத்தை விற்றுக் கொடுத்தது என்று அவன் கணக்குப் போட்டுச் சொன்னான். யாருக்கும் ஒரு பைசா கிடையாது. ஆனாலும் வீட்டில் அந்தப் பதினேழு லட்சம் ஒரு ஆள் மாதிரி நடமாடியது. கலியபெருமாள்கூட முசியே என்பதைக் குறைத்துக்கொண்டார்.

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில், பாகூர் அண்ணன் நிலத்தில் ஒரு பகுதியை விற்று, தம்பி பங்கு என்று மூன்று லட்சம் கொடுத்தான். அதே வாரம் நெல்லித்தோப்பில் வீடும் கிடைத்தது. வீட்டுக்காரி நிர்மலாதேவி, ரிடையர் ஆன டீச்சர். இரண்டு அறை, தனிக் குழாய், ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். போக்கியம் நாலு லட்சம், ஒரு ரூபாய் குறைக்க மாட்டாள். வெற்றிவேல் ஐயாயிரம் முன்பணம் கொடுத்தான். பாக்கியம் அந்த ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைத்துணி வாங்கி வந்துவிட்டாள்.

இன்னும் ஒரு லட்சம் வேண்டும். நாளும் நெருக்கியது. வைகாசி தாண்டினால் ஆனியில் யாரும் குடி போக மாட்டார்கள். ஆடியில் பேச்சே இல்லை. ஆவணி வரைக்கும் டீச்சர் காத்திருக்க மாட்டாள். வைகாசி இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாள் என்று அண்ணனே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிட்டான். அன்றைக்குப் பால் காய்ச்ச வேண்டும்.

வெற்றிவேல் நிஜக் கணக்குத் தொடங்கினான். மூன்று லட்சத்தைப் போட்டு விலையைப் பார்த்தால், பத்து லட்சத்தில் ஒரு வருஷம் பழகிய கண்ணுக்கு வருகிற லாபம் டீக்காசு மாதிரித் தெரிந்தது. வைகாசிக்குள் ஒரு லட்சம் அதில் வராது. அப்போது ஆப்பே ஒரு வழி காட்டியது. உன் பணம் மூன்று லட்சம் இருந்தால், மேற்கொண்டு ஆறு ஏழு லட்சம் நாங்கள் போடுகிறோம், மொத்தத்துக்கும் வாங்கிக்கொள் என்றது.

“கடனா?” என்றாள் பாக்கியம்.

“கடன் இல்ல. மார்ஜின்.”

“பேரு மாத்தி வச்சா கடன் இல்லன்னு ஆயிடுமா?”

“ஒரு வருசமா பத்து லட்சத்துலதானடி பழகினேன்? இப்பயும் அதே பத்து லட்சம். கையி தெரிஞ்ச கணக்கு.”

ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில், ஒரே ஷேரில், ஒரு பங்கு நானூற்று எண்பது ரூபாய் என்று இரண்டாயிரம் பங்கு வாங்கினான். ஒவ்வொன்றும் ஐம்பது ரூபாய் ஏறினால் போதும், ஒரு லட்சம் வந்துவிடும். வாரக் கடைசிக்குள் விலை ஐநூற்றைத் தாண்டிவிட்டது. மறு வாரம் பகல் ஷிஃப்ட். போன் அஞ்சலாட்சி கைக்கு வந்தது. துண்டுத்தாளில் மேலே ஐநூற்று முப்பது, கீழே ஐநூறு.

அந்தத் திங்கட்கிழமை, தேர்தல் முடிவுக்கு முதல் நாள், சந்தை துள்ளியது. ஐநூற்றுப் பத்து, ஐநூற்று இருபது என்று ஏறியது. மதியம் ஐநூற்று இருபத்தாறில் வந்து நின்றது. அஞ்சலாட்சி சோற்றை வடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு ரூபாய். இதிலேயே விற்றுவிடலாமா என்று விரல் பொத்தானுக்கு மேலே போய்ப் போய் வந்தது. பொம்மைப் பணமாக இருந்திருந்தால் விற்றிருப்பாள். இது மாப்பிள்ளையின் அப்பா விட்டுப்போன நிலம். தாளில் எழுதாததைச் செய்ய அவள் யார்?

சாயந்திரம் வெற்றிவேல் வந்து பார்த்துவிட்டு, “நாலு ரூவாதானத்த, நாளைக்கு வந்துடும்” என்றான். அன்றைக்கு அவன் டி.வி. முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தான்.

மறுநாள் ஓட்டு எண்ணுகிற நாள். சந்தை திறக்கும்போதே எண்கள் சறுக்கின. ஐநூற்றுப் பன்னிரண்டு. ஐநூற்று மூன்று. பத்தே காலுக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அஞ்சலாட்சி தயங்கவே இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

போன் விற்கவில்லை. ஆறு கட்டம் காட்டி, ஏதோ எண் கேட்டது.

பொம்மைப் பணத்தில் இப்படி ஒரு எண்ணை அது கேட்டதே கிடையாது. ஒரு வருஷமும் அழுத்தினால் விற்றது. நிஜப் பங்கை விற்பதற்குத் தனியாக ஒரு ரகசிய எண் உண்டு என்பது வெற்றிவேலுக்கே தெரியாது. அவன் இதுவரை வாங்கியிருக்கிறானே ஒழிய நிஜமாக ஒன்றையும் விற்றதில்லை. அவள் போனைத் திறக்கிற எண்ணைப் போட்டுப் பார்த்தாள். தவறு என்று சிவந்தது. மறுபடி போட்டாள். மறுபடி சிவந்தது. மேலே விலை நானூற்று எண்பத்தாறு.

தெருமுனையில் மொய்னுதீன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். அங்கே ஓடினாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான்.

“யக்கா, இந்த நம்பரு அவருக்குத்தான் தெரியணும். இல்லாட்டி அவரு மெயிலத் தொறந்து எடுக்கணும். அதுக்கும் பாஸ்வேடு வேணும்.” அதற்குள் போனில் ஒரு செய்தி வந்தது. படித்தவன் முகம் மாறியது. “இன்னாக்கா இது, கடன் வாங்கி வாங்கியிருக்காரா? இன்னிக்கி சந்த ஆடுதுன்னு ஈட்டுப் பணம் ஜாஸ்தி கேக்கறான். ரெண்டரைக்குள்ள பணம் கட்டு, இல்லாட்டி நாங்களே வித்து எடுத்துக்குவோம்னு போட்டிருக்கான்.”

“பாய், சேதராப்பட்டு வரிக்கும் இட்டுக்கினு போறியா?”

மொய்னுதீன் உள்ளே திரும்பி, “ஹாஜிரா, கடையப் பாத்துக்க” என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு போனாள் அஞ்சலாட்சி. வெயிலில் எண் தெரியவில்லை. முந்தானையால் மூடி மூடிப் பார்த்தாள். கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து. விலை நானூற்று அறுபத்திரண்டு.

கேட்டில் செக்யூரிட்டி ஒருவர், நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லைன்ல இருக்கிற ஆளக் கூப்புட முடியாதும்மா. பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவாங்க, அப்பப் பாத்துக்க.”

“ரொம்ப அவசரங்க. அஞ்சு நிமிசம்.”

“இன்னா அவசரம்? வூட்டுல சாவா?”

அஞ்சலாட்சி மொய்னுதீனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்லல்ல, ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரி” என்றான் மொய்னுதீன்.

“அதெல்லாம் ஓடாது பாய். போன மாசம் ஒருத்தன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரின்னுட்டு கிரிக்கெட் பாக்கப் போயிட்டான். அதுலேர்ந்து சாவுன்னாத்தான் வுடச் சொல்லியிருக்காங்க. யாரு செத்தாங்க, இன்னா ஒறவு, பேரு, எல்லாம் இந்த நோட்டுல எழுதணும்.”

மொய்னுதீன் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான்.

“ஆமான்னு சொல்லிடுக்கா. யாரு வந்து பாக்கப் போறா?”

“யாரு செத்தாங்கன்னு சொல்றது?”

“யாராச்சும். அவரு அம்மா.”

“அந்தம்மா பாகூர்ல கல்லு மாதிரி இருக்காங்க. நல்ல மனுசி. அவுங்கள நான் வாயால...”

“சரி, ஒங்க வூட்டுக்காரரு.”

அவள் கை தானாகத் தாலிக்குப் போயிற்று.

“அப்ப மாமியான்னு சொல்லு. நீதான? ஒனக்கு நீயே சொல்லிக்கிறதுல இன்னா?”

“செத்தவ வந்து கேட்டுல நிப்பாளா பாய்?”

அவனுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வருகிற மாதிரி இருந்தது. “எங்க வாப்பா மவுத்தாயி மூணு வருசம் ஆச்சு. அவரு பேர வேணாலும் எழுதச் சொல்லிடறேன்.”

“ஒங்க வூட்டு சாவுக்கு இவர இன்னாத்துக்கு வுடப் போறான்?”

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். பாக்கியம் புதுச் சொம்பு வாங்கி மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். நடுவில் நாலே நாள். குடி போகிற வீட்டுக்காரன் பெயருக்கு நேரே, நோட்டுப் புஸ்தகத்தில், பேனாவால், சாவு என்று எழுத வைப்பதா? பொய்தான். ஆனால் எழுதினது எழுதினதுதானே. நாளைக்கே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் இந்த வாய்தானே சொன்னது? அவள் நாலு தடவை செக்யூரிட்டி பக்கம் போனாள். நாலு தடவையும் வாய் வரைக்கும் வந்தது. “சேதியாச்சும் சொல்லுங்களேன்” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர் உள்ளே போன் போட்டார். சூப்பர்வைசர் எடுக்கவில்லை.

நானூற்று நாற்பத்தெட்டு. நானூற்று முப்பத்தொன்று. எதிரில் டீக்கடை டி.வி.யில் ஓட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நிற்கிறவர்கள் கட்சி பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரூபாய் இறங்கினால் இரண்டாயிரம் ரூபாய். அந்தக் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நானூற்றுப் பதினாறு.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. வெற்றிவேல் காதில் பஞ்சோடு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். மாமியாரைக் கேட்டில் பார்த்ததும் டப்பாவை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

“மாமாவுக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல மாப்ள. அவரு நல்லா இருக்காரு” என்று போனை நீட்டினாள்.

அவன் பார்த்தான். காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு மெயிலைத் திறந்து, தேடி, எண்ணை உண்டாக்கி, அதற்கு வேறொரு எண் வர, அதைப் போட்டு, இதற்குள் ஏழெட்டு நிமிஷம் போனது. இப்போது பொத்தான் வேலை செய்தது. விரல் அதன் மேல் நின்றது. விலை நானூற்று ஐந்து.

“ரெண்டரைக்கு அவனே வித்துடுவான்” என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. “அதுக்குள்ள ஏறினா ஏறலாம். இன்னும் எறங்கினா போட்ட காசே இருக்காது.” தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தான். “அத்த, நீங்க சொல்லுங்க. விக்கட்டுமா?”

இத்தனை வருஷத்தில் அவன் அவளை ஒரு வார்த்தை கேட்டது அதுதான். விற்காதே என்று சொல்ல வாய் வந்தது. விற்றுவிடு என்று சொல்லவும் வந்தது. எது சொன்னாலும் அது அவன் வீடு.

“எனக்கு இன்னா தெரியும் மாப்ள” என்றாள்.

“பாய்?”

“நான் ரீசார்ஜ் போடறவன்பா. என்னக் கேக்காத” என்று மொய்னுதீன் வண்டிப் பக்கம் போய்விட்டான்.

வெற்றிவேல் அழுத்தினான். இந்தத் தடவை உடனே விற்றது. மூன்று லட்சத்தில் ஒன்றரை லட்சம் மிஞ்சியது. போனை அவள் கையிலேயே கொடுத்தான்.

“வெயிலா இருக்குதுத்த. வூட்டுக்குப் போங்க. பாக்கியத்துக்கு நான் வந்து சொல்லிக்கிறேன்.”

டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனான். முதுகுப்பக்கம் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அதே ஷேர் நானூற்று எழுபதுக்கு வந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் ஐநூற்று நாற்பதைத் தாண்டியது. அதை யாரும் வீட்டில் பேசவில்லை. மொய்னுதீன் கடைப் பக்கம் போனபோது அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

நிர்மலாதேவி டீச்சர் நல்லவள். முன்பணம் ஐயாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தாள். வீட்டை ஒரு நர்சம்மா குடும்பத்துக்கு விட்டாள். வைகாசி இருபத்தேழு அன்றைக்கு அவர்கள்தான் அங்கே பால் காய்ச்சினார்கள். கலியபெருமாள் அதற்குப் பிறகு மருமகனை முசியே என்று கூப்பிட்டதில்லை. ‘தம்பி’ என்கிறார். கேலியைவிட அது கஷ்டமாக இருந்தது வெற்றிவேலுக்கு. அவன் மறுபடியும் காலை மடக்கி உட்காரத் தொடங்கினான்.

பாக்கியம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“யம்மா, அன்னிக்கி நீ எத்தினி மணிக்குப் போயி சேந்த?”

“பன்னெண்டு இருக்கும்.”

“வண்டியில போனா அர மணி நேரந்தான ஆவும்?”

“வழியில டிராஃபிக்கு” என்றாள் அஞ்சலாட்சி.

மகள் மேற்கொண்டு கேட்கவில்லை. வெற்றிவேல் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நோட்டு, பேனா, செக்யூரிட்டி கேட்ட கேள்வி, ஐம்பத்தைந்து நிமிஷம், எல்லாவற்றையும் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் கேட்காமலே இருப்பதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு தடவை அவளாகவே, பாக்கியத்தை நடுவில் வைக்காமல், “மாப்ள, அன்னிக்கி...” என்று ஆரம்பித்தாள். “வுடுங்கத்த” என்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

மிஞ்சின ஒன்றரை லட்சத்தைப் பாக்கியம் பெயரில் தபால் ஆபீசில் போட்டிருக்கிறது. ராஜா இன்னும் ஷேர் வாங்கி விற்கிறான், அவனுக்கு நடக்கிறது. வெற்றிவேல் அந்த ஆப்பையும் வைத்துக்கொள்ளவில்லை, பொம்மைப் பணத்தையும் தொடவில்லை. கம்பெனியில் கேட்டு நிரந்தரமாக ராத்திரி ஷிஃப்ட் வாங்கிக்கொண்டான். பகலெல்லாம் தூங்குகிறான்.

இப்போது வெற்றிவேல் முத்தியால்பேட்டையில், மாமியார் வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறான்.